மாதத்தின் முதல் திங்கட்கிழமை: எழுப்புதல் வேண்டி ஜெபித்த ஒரு சிறு கூட்டத்தாரின் வரலாறு

திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் சங்கங்களின் தீர்மானங்களையும், விசுவாச அறிக்கைகளையும், பேராயர்களின் ஆட்சிக் காலங்களையும் விரிவாக ஆராய்வர். ஜெபக் கூட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கூட்டம் கூடிற்று, ஜெபித்தது, கலைந்தது என்பதற்கு மேல் ஏடுகளில் எதுவும் எஞ்சுவதில்லை. வந்தவர் யாவர், எதனை வேண்டினர், வேண்டிய பின் எத்தகையோராய் வீடு திரும்பினர் என்பனவற்றை அறிய வேறு சான்றுகளைத் தேட வேண்டியுள்ளது. ஆயினும் தொடக்கமும், நடத்தினோரின் உள்ளத்து நிலையும், பின்விளைவும் ஓரளவு தெளிவாகவே அறியக்கிடக்கும் ஒரு ஜெபக்கூட்டம் உண்டு. 1784-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நாட்டிங்ஹாம் நகரில் கூடிய பாப்திஸ்து சபைகளின் சிறிய ஐக்கியம் ஒன்று, மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலையில் எழுப்புதலுக்காக ஜெபிக்கும்படி தன் சபைகளைக் கேட்டுக்கொண்டது. அதன் கதையையே இங்குக் கூற முற்படுகிறோம்.

எழுப்புதல் என்னும் சொல் நம் சபைகளில் இன்று மிகுதியாக வழங்குகிறது. சுவரொட்டிகளில் அதனைக் காண்கிறோம், ஒலிபெருக்கிகளில் கேட்கிறோம். மூன்று நாள் கூட்டத்தின் இறுதி இரவில் எழுப்புதல் வந்துவிட்டதாக அறிவிக்கப்படுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். அவ்வாறு அறிவிப்போரின் உள்ளத் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் எழுப்புதலுக்காக ஜெபிப்பவர் உண்மையில் எதனைக் கேட்கிறார், அவ்வேண்டுதல் அவரையே எவ்விடத்திற்குக் கொண்டுசெல்லக் கூடும் என்பதை எண்ணிப் பார்க்க, நாட்டிங்ஹாமில் கூடிய அந்த எளிய போதகர்களின் வரலாறு நமக்குத் துணை செய்யும். தாங்கள் கேட்டதன் பொருளை அவர்களும் முதலில் அறிந்திருக்கவில்லை.

வறண்ட நிலம்

அக்காலத்து இங்கிலாந்தில் கால்வினியக் கோட்பாட்டைப் பற்றிநின்ற பாப்திஸ்து சபைகளிடையே ஒருவகைத் தர்க்கம் வேரூன்றியிருந்தது. மனிதன் பாவத்தில் மரித்தவன். தூய ஆவியானவரின் செயலின்றி அவனால் விசுவாசிக்க இயலாது. இயலாத ஒன்றைச் செய்யும்படி அவனை அழைப்பது பொருளற்றது. ஆகவே மனந்திரும்பாதோரைக் கிறிஸ்துவினிடம் வரும்படி போதகர் அழைத்தல் தகாது என்பதே அத்தர்க்கம். இலண்டனில் புகழ்பெற்றிருந்த ஜான் கில், ஜான் பிரைன் ஆகியோரின் எழுத்துகள் இப்போக்கிற்கு வலுவூட்டின. கில் பெரும் அறிஞர் என்பதை மறுப்பார் இல்லை. எபிரேயத்திலும் யூத நூல்களிலும் அவருக்கிருந்த புலமை வியப்பிற்குரியது. எனினும் அவர் வழிநின்ற சிறு சபைகளின் பிரசங்க பீடங்களில், தெரிந்துகொள்ளப்பட்டோருக்கு ஆறுதல் கூறுவதே பிரசங்கம் என்றாயிற்று. ஏனையோர் அமர்ந்து கேட்டுவிட்டு எழுந்து போயினர்.

ஆன்ட்ரூ ஃபுல்லர் இவ்வறட்சியில் வளர்ந்தவர். 1754-இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், சோஹம் என்னும் ஊரின் சபையில் சிறுவனாய் அமர்ந்து பிரசங்கம் கேட்டார். மனந்திரும்பாதோரிடம் சொல்வதற்கு அந்தப் போதகரிடம் ஏறத்தாழ ஒன்றுமே இருந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். பாவ உணர்வு மிகுந்து வருந்திய இளமையில், கிறிஸ்துவினிடம் செல்லத் தமக்குத் தகுதியோ உரிமையோ உண்டா என்னும் ஐயமே அவரைப் பெரிதும் வாட்டியது. அழைக்கப்படாதவளாய் அரசன் முன் செல்லத் துணிந்த எஸ்தரைப் போல, நேர்வது நேரட்டும் என்று தாம் இறுதியில் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டதாக அவர் நினைவுகூர்கிறார். நற்செய்தியைக் கேட்டு வளர்ந்த ஒருவர், அந்நற்செய்தியின் ஆண்டவரிடம் திருட்டுத்தனமாய் நுழைவதுபோல் நுழைய வேண்டியதாயிற்று என்பது எண்ணத்தக்கது. 1775-இல் அதே சபைக்குப் போதகராக அமர்த்தப்பட்ட ஃபுல்லர், எல்லா மனிதரும் கிறிஸ்துவை விசுவாசிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும், எல்லாரையும் அழைப்பது போதகரின் கடமை என்றும் மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தார். அம்முடிவை எழுதி வைத்துக்கொண்டு, வெளியிட அஞ்சிச் சில ஆண்டுகளைக் கழித்தார். 1782-இல் கெட்டரிங் நகரச் சபைக்கு மாறினார்.

நம் நாட்டுச் சபைகளில் இத்தகைய மிகைக் கால்வினியம் வேரூன்றியதில்லை எனலாம். ஆயினும் வந்தமர்ந்திருக்கும் பெயர்க் கிறிஸ்தவரிடம் சொல்ல ஒன்றுமில்லாத பிரசங்க பீடம் நமக்கு அறிமுகமற்றதன்று.

ஒரு நூலின் பயணம்

நாட்டிங்ஹாமில் பிறந்த எண்ணத்தின் வித்து நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே விதைக்கப்பட்டதாகும். 1742-இல் ஸ்காட்லாந்தின் கேம்பஸ்லாங், கில்சித் ஆகிய ஊர்களில் எழுப்புதல் உண்டாயிற்று. ஈராண்டுகளில் அதன் வேகம் தணிந்தது. அதனைக் கண்ட போதகர் சிலர் 1744-இல் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். வாரந்தோறும் சனிக்கிழமை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும், காலாண்டுதோறும் முதல் செவ்வாய்க்கிழமையிலும், அவரவர் இருக்குமிடத்தில் கடவுளின் அரசு பரவவும் சபைகள் உயிர்பெறவும் ஜெபிப்பது என்பதே உடன்பாடு. முதலில் ஈராண்டுகளுக்கு என்று தொடங்கிய இதனை, 1746-இல் மேலும் ஏழாண்டுகளுக்கு நீட்டிக்க விரும்பி, ஓர் அறிக்கையை அச்சிட்டு ஏறக்குறைய 500 படிகளை அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பினர்.

அவ்வறிக்கையை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டவர் மாசச்சூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் ஊர்ப் போதகரான ஜானத்தன் எட்வர்ட்ஸ். 1734-35 ஆண்டுகளிலும், பின்னர் 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் தம் ஊரில் பெரும் எழுப்புதலைக் கண்டவர் அவர். 1747-இல் அவர் இவ்வுடன்பாட்டை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். கடவுளின் மக்கள் வெளிப்படையாக உடன்பட்டு, காணத்தக்க ஒற்றுமையோடு, சிறப்பு முறையில் ஜெபிப்பதை வளர்க்க ஒரு தாழ்மையான முயற்சி என்பது அதன் நீண்ட பெயரின் சுருக்கம். ஒரு பட்டணத்தார் மற்றொரு பட்டணத்தாரிடம் சென்று கர்த்தரைத் தேட அழைப்பதாகக் கூறும் சகரியா 8:20-22 அந்நூலுக்கு அடிப்படை.

அந்நூலில் நம் கருத்தைக் கவர்வது, எட்வர்ட்ஸ் தடைகளுக்கு விடைகூறும் பகுதியாகும். ஜெபிக்க நாளும் நேரமும் குறிப்பது மூடபக்தி அன்றோ? மற்றவரும் அதே வேளையில் ஜெபிக்கிறார்கள் என்பதால் ஜெபத்திற்கு வலிமை கூடுமோ? இதுவரை திருச்சபை அறியாத புதுமை அன்றோ இது? இவ்வாறு அந்நாளிலேயே வினவியிருக்கின்றனர். குறித்த நேரத்தில் தனிப்பட்ட புனிதம் எதுவும் இல்லை என்பதை எட்வர்ட்ஸ் ஒப்புக்கொள்கிறார். ஆனால் மனிதர் ஒருவரையொருவர் அறிந்து உடன்பட்டுச் செய்வதில் ஓர் அழகும் ஊக்கமும் உண்டு என்பதும், அவ்வொற்றுமை கடவுளுக்கு உகந்தது என்பதும் அவர் வாதம். பிறருடைய சபை செழிக்க வேண்டும் என்று வேண்டுபவன் தன் சபையின் பெருமையைச் சற்றேனும் கீழே வைக்கிறான் என்று நாம் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்நூலை எழுதியபோது எட்வர்ட்ஸின் சொந்தச் சபை குளிர்ந்து கிடந்தது. மூன்றாண்டுகளுக்குள், 1750 ஜூனில், திருவிருந்தில் பங்குபெறும் தகுதி பற்றிய சச்சரவில் சபையார் வாக்கெடுத்து அவரை நீக்கிவிட்டனர். எழுப்புதலின் இலக்கணத்தை எழுதியவர் எழுப்புதல் கண்ட சபையாலேயே வெளியேற்றப்பட்டார். மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். எட்வர்ட்ஸ் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர். 1731-இல் வீனஸ் என்னும் இளம்பெண்ணை அவர் வாங்கியதற்கான விற்பனைச் சீட்டு இன்றும் உள்ளது. பூமியெங்கும் கடவுளின் அரசு வர வேண்டும் என்று எழுதிய அதே கை அச்சீட்டையும் பெற்றுக்கொண்டது. எழுப்புதலின் தந்தையர் என்று நாம் போற்றுவோரை அவர்கள் வாழ்ந்தபடியே காண்பது வரலாற்று மாணவரின் கடமை.

நாட்டிங்ஹாம் அழைப்பு

எட்வர்ட்ஸ் 1758-இல் மறைந்தார். அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த எடின்பரோப் போதகர் ஜான் எர்ஸ்கினுக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பயனுள்ள நூல்களைப் பொதி கட்டி, நேரில் அறியாத போதகருக்கும் அனுப்பிவைப்பார். 1784-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அத்தகைய பொதி ஒன்று இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் இருந்த இளைய ஜான் ரைலண்டை அடைந்தது. அதனுள் எட்வர்ட்ஸின் நூலும் இருந்தது. அமெரிக்க நார்த்தாம்ப்டனில் எழுதப்பட்ட நூல் அதன் பெயரளித்த ஆங்கில நார்த்தாம்ப்டனுக்கு வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்பதா என்று தெரியவில்லை. அதனை வாசகர் தீர்ப்புக்கே விட்டுவிடுவோம். ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியர் ஒருவர், அமெரிக்கக் காங்கிரிகேஷனல் சபையார் ஒருவரின் நூலை, ஆங்கிலப் பாப்திஸ்தர் ஒருவருக்கு அனுப்பினார் என்பது மட்டும் நமக்கு முக்கியம்.

ரைலண்டு அதனைத் தம் நண்பர்களான கெட்டரிங் ஃபுல்லருக்கும் ஓல்னி ஊரின் ஜான் சட்கிளிஃபுக்கும் காட்டினார். மூவரும் முப்பது வயதை ஒட்டியவர்கள். சட்கிளிஃப் யார்க்ஷயரிலிருந்து வந்தவர், அமைதியான இயல்பினர், நூல் சேர்ப்பதில் ஆர்வம் மிக்கவர். ஜூன் மாதம் நாட்டிங்ஹாமில் ஐக்கியம் கூடியபோது ஃபுல்லர், தரிசித்து நடவாமல் விசுவாசித்து நடத்தல் என்னும் பொருளில் பிரசங்கித்தார். சட்கிளிஃப் தம் முன்மொழிவை வைத்தார். அது ஏற்கப்பட்டது.

அதன் சொற்களை இங்குப் பெயர்த்துத் தரவில்லை. அதன் அமைப்பைக் கூறுவோம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒவ்வொரு சபையும் தன்னிடத்தில் கூடவேண்டும். தூய ஆவியானவர் போதகர்கள்மீதும் சபைகள்மீதும் ஊற்றப்படவும், பாவிகள் மனந்திரும்பவும், விசுவாசிகள் வளரவும், பின்வாங்கியோர் மீளவும் வேண்டவேண்டும். ஆனால் அவ்வளவோடு நின்றுவிடலாகாது. தம் ஐக்கியத்திற்காகவும் தம் சபைப்பிரிவுக்காகவும் மட்டுமே வேண்டாமல், மீட்பரின் பணி முழுவதையும் அன்போடு நினைத்து, மனிதர் வாழும் மிகத் தொலைவான இடங்கள்வரை நற்செய்தி பரவ ஊக்கமாய் வேண்டவேண்டும். பிற சபைப்பிரிவினர் இதில் சேர்ந்தால் மகிழ்ச்சியே என்றும் அதில் கூறப்பட்டது.

உலகின் கடையெல்லைகளைப் பற்றிய அந்த வேண்டுகோளைச் சேர்த்தபோது அவர்கள் எதனை எண்ணினர் என்று கேட்கத் தோன்றுகிறது. எவரையும் அனுப்பும் திட்டம் அவர்களிடம் இல்லை. அனுப்ப ஒரு சங்கம் இல்லை, பணம் இல்லை, போகத் துணிந்தவர் எவரும் அன்று அவர்கள் கண்ணில் படவில்லை. உள்நாட்டு மனந்திரும்பாதோரை அழைக்கலாமா என்பதே அவர்களுடைய சபைகளில் முடிவுபெறாத வழக்காய் இருந்தது. ஃபுல்லரின் நூல் மறு ஆண்டு, 1785-இல்தான் அச்சேறியது. அச்சேறியதும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இறையியல் அறிவு முந்தி ஜெபம் பிந்தி வரும் என்பதே இறையியல் கல்லூரிகளில் நாம் வழக்கமாய்க் கொள்ளும் வரிசை. இங்கோ மாதந்தோறும் ஒரு மணி நேரம் தொலைதேசத்தாருக்காக வேண்டிய சபை, அவர்களை அழைக்கலாகாது என்னும் கோட்பாட்டை நெடுங்காலம் தாங்க முடியாமற் போயிற்று. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதை மட்டுமே ஏடுகள் கூறுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளியது என்பது நம் துணிபு.

காத்திருந்த ஆண்டுகள்

முதல் திங்கட்கிழமைகள் வந்தன, போயின. பிற மாவட்டங்களின் பாப்திஸ்து ஐக்கியங்கள் சிலவும் இவ்வழக்கத்தை மேற்கொண்டன. ஆனால் கேம்பஸ்லாங்கில் நிகழ்ந்தது போன்ற எதுவும் நிகழவில்லை. திரள்கூட்டங்கள் இல்லை, கதறியழுதோர் இல்லை. குறைந்த ஊதியம் பெற்ற போதகர்களும், செருப்புத் தைப்போரும், நெசவாளரும், உழவரும் விளக்கொளியில் கூடி ஜெபித்துக் கலைந்தனர்.

ஃபுல்லரின் நாட்குறிப்பைப் படிப்போர் அவர் தம் உள்ளத்தின் வறட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப முறையிடுவதைக் காண்பர். 1786 மே மாதம் அவருடைய ஆறு வயது மகள் நோயுற்று இறந்தாள். அதன்பின் நாட்குறிப்பில் நீண்ட இடைவெளிகள் விழுகின்றன. 1789-இல் மீண்டும் எழுதத் தொடங்கியபோது, ஒன்றரை ஆண்டுக்கு மேலாய் எதுவும் எழுதவில்லை என்றும், எழுதத் தக்கதாய்த் தம் வாழ்க்கை தோன்றவில்லை என்றும் குறித்துள்ளார். எழுப்புதலுக்காக ஜெபிக்கும்படி பிறரை ஊக்கியவர் இவர். தம்முள் ஒரு பொறியும் காணாத மாதங்களிலும் இந்த ஜெப ஒழுங்கின் தலைவர்களுள் ஒருவராகவே அவர் இருந்தார். குறித்த நாள், குறித்த மணி என்னும் ஏற்பாட்டின் நன்மை இதுவே போலும். உணர்ச்சி எழும்போது ஜெபிப்போம் என்று விட்டிருந்தால் கெட்டரிங்கில் அவ்வாண்டுகளில் எத்தனை கூட்டங்கள் நடந்திருக்கும்?

1789-இல் சட்கிளிஃப் எட்வர்ட்ஸின் நூலை மறுபதிப்புச் செய்தார். வேதாகமத் தீர்க்கதரிசனங்களைக் கொண்டு எட்வர்ட்ஸ் கணித்த காலக்கணக்குகளுக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்றும், அவற்றை வாசகர் தாமே சீர்தூக்கிக் கொள்ளலாம் என்றும் முன்னுரையில் கூறிவிட்டார். கடைசி நாள்களைக் கணக்கிடுவதிலேயே எழுப்புதல் ஆர்வத்தைச் செலவழிக்கும் போக்கு அக்காலத்திலும் இருந்தது. ஜெபிக்க அக்கணக்கு தேவையில்லை என்று சட்கிளிஃப் கண்டதை அவருடைய நிதானத்திற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இதனிடையே, எவரும் பெரிதாய்ப் பொருட்படுத்தாத இளைஞர் ஒருவர் இவ்வட்டத்தில் சேர்ந்திருந்தார். வில்லியம் கேரி 1761-இல் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலினர். 1783 அக்டோபரில் நார்த்தாம்ப்டனின் நீன் ஆற்றில் ரைலண்டிடம் திருமுழுக்குப் பெற்றார். 1785-இல் ஓல்னி சபையின் முன், சட்கிளிஃபின் முன்னிலையில், பிரசங்க ஊழியத்திற்குத் தகுதியுண்டா எனச் சோதிக்கும்பொருட்டுப் பிரசங்கித்தார். சபையார் நிறைவடையவில்லை, இன்னும் சிறிது காலம் பார்த்துப் பிறகு முடிவு செய்வோம் என்றனர். மறு ஆண்டு ஆகஸ்டு மாதமே அவரை ஊழியத்திற்கு அனுப்பிவைத்தனர். உலகின் கடையெல்லைகளுக்காக மாதந்தோறும் ஜெபித்துவந்த சபை, அதற்கான விடை தங்கள் முன் நின்று தட்டுத்தடுமாறிப் பேசியதை அறிந்துகொள்ளவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. இறையியல் கல்லூரிக்கு மாணவரைத் தெரிவு செய்யும் குழுக்களில் அமர்ந்தோர் இதனை நன்கு உணர்வர்.

போதகர் கூட்டமொன்றில் பிற சமயத்தாரிடம் நற்செய்தியைக் கொண்டுசெல்லும் கடமையைப் பற்றி ஆராயலாம் என்று கேரி கூற, மூத்த ரைலண்டு அவரை உட்காரச் சொல்லி அதட்டினார் என்னும் கதை மிகப் பரவலாக வழங்குகிறது. ஆனால் அவருடைய மகனான இளைய ரைலண்டு இக்கதையை நம்பவில்லை. பிரசங்கங்களில் இதனை எடுத்தாளுவோர் சற்று எச்சரிக்கையாய் இருத்தல் நன்று.

தாமதத்தைக் கண்டித்தவர்களின் தாமதம்

1791 ஏப்ரலில் கிளிப்ஸ்டன் என்னும் சிற்றூரில் போதகர்கள் கூடினர். சட்கிளிஃப், சேனைகளின் கர்த்தருக்காகப் பக்திவைராக்கியம் கொள்ளுதலைப் பற்றிப் பேசினார். ஃபுல்லர், ஆலயத்தைக் கட்ட இன்னும் காலம் வரவில்லை என்று கூறிய மக்களைக் கண்டிக்கும் ஆகாய் 1:2-ஐ எடுத்துக்கொண்டு, தாமதத்தின் தீமையை விளக்கினார். கூட்டம் ஆழ்ந்த அமைதியில் ஆழ்ந்தது. பிரசங்கம் முடிந்ததும், இன்றே ஏதாவது தொடங்குவோம் என்று கேரி வற்புறுத்தினார். தாமதத்தைக் கண்டித்தவரும், வைராக்கியத்தைப் போற்றியவரும் சேர்ந்து, இன்னும் காலம் கனியவில்லை என்றனர். அவர் எழுதிவந்த ஆராய்ச்சி நூலை முதலில் அச்சிடட்டும் என்று ஆலோசனை கூறி அனுப்பிவிட்டனர்.

இவர்கள் கோழைகளும் அல்லர், போலிகளும் அல்லர். ஏழாண்டுகளாக மாதந்தோறும் வேண்டியதை மனமாரவே வேண்டியவர்கள். ஆனால் வேண்டுதலுக்கு ஒரு முகமும் ஒரு செலவுக் கணக்கும் வந்தபோது பின்னிட்டனர். அச்செலவு பெரிது என்பதும் உண்மையே. ஏழைச் சபைகள் அவை.

1792 மே இறுதியில் நாட்டிங்ஹாமில், ஜெப அழைப்பு எழுந்த அதே நகரில், கேரி ஏசாயா 54:2-3-ஐ வைத்துப் பிரசங்கித்தார். மறுநாளும் முடிவின்றிக் கூட்டம் கலையவிருந்த தறுவாயில் அவர் ஃபுல்லரிடம் மன்றாட, அடுத்த கூட்டத்திற்குள் ஒரு திட்டம் வகுப்பது என்று தீர்மானமாயிற்று. அவ்வாறே 1792 அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங்கில், மார்த்தா வாலிஸ் என்னும் கைம்பெண்ணின் வீட்டுப் பின்னறையில் 14 பேர் கூடிப் பாப்திஸ்து மிஷனரி சங்கத்தை அமைத்தனர். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்சு. ஃபுல்லர் செயலாளரானார், 1815-இல் இறக்கும்வரை அப்பணியைச் சுமந்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் வெளியான கேரியின் நூல் நம் கவனத்திற்கு உரியது. 1706-இல் டென்மார்க்கு அரசர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதை அவர் அதில் குறிப்பிடுகிறார். இதனை இனிச் செய்ய இயலாது என்போருக்கு, ஏற்கெனவே செய்யப்பட்டது என்பதே அவர் விடை. நூலின் இறுதிப் பகுதியில் முதற் கடமையாக அவர் கூறுவது ஒருமித்த ஜெபமே. மாதாந்தர ஜெபக் கூட்டங்கள் வீண்போகவில்லை என்று கூறி, சபைகள் வளர்ந்ததையும், நெடுநாள் குழப்பிய கோட்பாட்டுச் சிக்கல்கள் தெளிந்ததையும் எடுத்துக்காட்டுகிறார். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. மனிதத்தன்மையற்ற அடிமை வாணிகத்தை ஒழிக்க நடந்த முயற்சியையும் அதே மூச்சில் சேர்க்கிறார். அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதற்காக மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையைப் பல குடும்பங்கள் அந்நாளில் விலக்கியிருந்தன. அதனால் மிஞ்சும் காசை நற்செய்திப் பணிக்குத் தரலாமே என்று வீட்டுக்கணக்குப் போட்டுக் காட்டுகிறார் கேரி. எட்வர்ட்ஸின் வீட்டில் அடிமைகள் இருந்தனர். எட்வர்ட்ஸின் நூலைப் படித்து ஜெபித்தோரின் வட்டத்தில் அடிமைச் சர்க்கரை பாவமாகக் காணப்பட்டது. இடையில் நிகழ்ந்த மாற்றத்திற்குப் பல காரணங்கள் உண்டு. குவேக்கர்களின் உழைப்பு அவற்றுள் தலையாயது. எனினும் அடிமை வாணிக ஒழிப்பையும் ஜெபத்தின் விடைகளோடு சேர்த்து எண்ண ஒரு செருப்புத் தொழிலாளருக்குத் தோன்றியது என்பதை நாம் எளிதாய்க் கடந்துவிடலாகாது.

கேட்காதவர் கொடுத்த விலை

கேரியின் மனைவி டொரத்தி எழுதப் படிக்க அறியாதவர்; திருமணப் பதிவேட்டில் சிலுவைக் குறியிட்டவர். இந்தியாவுக்குச் செல்ல அவர் முதலில் மறுத்தார். அப்போது அவர் நிறைமாதக் கருவுற்றிருந்தார். பயணம் தடைப்பட்டுக் கேரி மீண்டும் வந்து கேட்டபின், தம் சகோதரி உடன்வந்தால் வருவதாக இசைந்தார். 1793 ஜூனில் டேனிஷ் கப்பலில் புறப்பட்டு நவம்பரில் வங்காளம் சேர்ந்தனர். மறு ஆண்டு முட்னாபட்டியில் அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலால் இறந்தான். அதன்பின் டொரத்தியின் மனநிலை குலைந்தது. 1807-இல் இறக்கும்வரை மீளவில்லை. அடுத்த அறையில் அவர் கதறிக்கொண்டிருக்க, கேரி வேத மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த நாள்கள் உண்டு. 1800 டிசம்பர் இறுதியில் கிருஷ்ண பால் திருமுழுக்குப் பெற்றதையும், 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்ததையும் நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அந்த ஜெபத்தின் விடைக்காக ஒரு பெண் தந்த விலையையும் அதே பக்கத்தில் எழுதுவதே நேர்மை. மிஷனரி வரலாறுகள் நெடுங்காலம் அவரைக் கேரியின் சிலுவை என்றே எழுதிவந்தன. அவர் சுமந்தது யாருடைய சிலுவை என்று கேட்டவர் சிலரே.

யாழ்ப்பாணத்துத் திங்கட்கிழமைகள்

முதல் திங்கட்கிழமை வழக்கம் பாப்திஸ்தரோடு நிற்கவில்லை. 1795-இல் பல சபைப்பிரிவினர் சேர்ந்து அமைத்த இலண்டன் மிஷனரி சங்கத்தார் அதனை மேற்கொண்டனர். அமெரிக்கச் சபைகளிலும் அது பரவிற்று. மிஷனரிகளின் கடிதங்களைப் படித்துக் காணிக்கை சேர்க்கும் மாலையாக அது அங்கு உருப்பெற்றது. அச்சபைகள் அனுப்பிய ஊழியர்கள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தபோது இவ்வழக்கமும் அவர்களோடு கடல் கடந்தது. அங்கு முன்னரே வந்திருந்த வெஸ்லியன் ஊழியரும், 1818 முதல் நல்லூரில் பணியாற்றிய ஆங்கிலத் திருச்சபையின் ஜோசப் நைட்டும், அமெரிக்க ஊழியரும் மாதந்தோறும் ஒருங்கே கூடி ஜெபித்துவந்தனர். எட்வர்ட்ஸ் விரும்பிய காணத்தக்க ஒற்றுமை, ஒரு தீவில், பனைமரங்களினிடையே நடந்தது.

1824 ஜனவரியில் தெல்லிப்பழையின் விடுதிப் பள்ளி மாணவரிடையே ஓர் எழுப்புதல் தொடங்கியது. உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு ஆகிய இடங்களுக்கும் அது பரவிற்று. எழுப்புதலின் உணர்ச்சிப் பெருக்கில் உடனே எவரையும் சபையில் சேர்த்துக்கொள்ள ஊழியர்கள் விரையவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கற்பித்துச் சோதித்த பின்னரே, 1825 ஜனவரியில் சண்டிலிப்பாயில் 41 பேரைச் சபையில் சேர்த்தனர். தமிழர் திரளாய்க் கூடி அதனைக் கண்டனர். எழுப்புதல் வந்தது என்று மூன்றாம் இரவில் அறிவிக்கும் நம் காலத்து வழக்கத்தோடு இவ்வோராண்டுக் காத்திருப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நல்லூரின் நைட் தமிழ்ச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி செய்யத் தொடங்கினார். அவர் முடிக்காது விட்ட அத்தொகுப்பை, 1820 முதல் உடுவிலில் பணியாற்றிய அமெரிக்கரான மிரன் வின்ஸ்லோ பின்னாளில் ஏற்றுக்கொண்டு பெருக்கினார். 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோ அகராதியாக 1862-இல் சென்னையில் அது வெளிவந்தது. இறையியல் மாணவர் இன்றும் பழைய வேத மொழிபெயர்ப்பின் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி அதனைப் புரட்டுவதுண்டு. ஒருவர் ஆங்கிலத் திருச்சபையார். மற்றவர் காங்கிரிகேஷனல் சபையார். மாதத்தின் முதல் திங்கட்கிழமையில் ஒரே கூட்டத்தில் முழங்காலிட்டவர்கள் அவர்கள்.